ஊயிக் மூரில் பெயர் கேட்டு நடந்த நாட்கள்

வெள்ளி, ஸ்டார்னோவே

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் உல்லாபூல் என்ற சிறு துறையில் கப்பல் ஏறினால், லூயிஸ் தீவின் ஸ்டார்னோவேயை அடைய இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். மதியம் வந்து இறங்கினேன். வேலை பார்ப்பது கிளாஸ்கோவில். அங்கே மாலை வகுப்பில், ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக் படிக்கிறேன். என்னோடு படிக்கிறவர்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க வரும் தோழிக்குச் சொந்த ஊர் இந்தத் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஊயிக். அவளும் ஊர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து, அந்தப் பாரிஷின் (திருச்சபை வட்டாரத்தின்) மலை, ஏரி, ஓடை, பாறை, சதுப்பு, கடல்வெட்டு ஆகியவற்றுக்கு வாய்வழக்கில் இருக்கும் கேலிக் பெயர்களைக் குரலோடு பதிவு செய்கிறார்கள். மைக் பிடிக்கவும் படிவம் நிரப்பவும் ஓர் ஆள் வேண்டும் என்றாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மெக்கன்சி சுவடிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலின் மெக்கன்சி பிறந்தது ஸ்டார்னோவேயில்தான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர், மைசூர் நாட்டை அளந்தார், 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்றவர்களின் உதவியோடு, ஊர் ஊராகக் கல்வெட்டுகளையும் பெரியவர்கள் சொன்ன ஊர் வரலாறுகளையும் எழுதி வாங்கினார். அந்தக் குவியலில் ஒரு பகுதி இன்றும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. நம் ஊர்களைப் பற்றி அவர் கேட்டு வாங்கியது போல, அவர் பிறந்த தீவில் நாங்கள் கேட்கப் போகிறோம் என்று நினைத்தபோது உற்சாகமாக இருந்தது.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுக்கக் கேலிக்கில் பேச்சோ, படிப்போ, புரிதலோ ஏதாவது ஒன்று உள்ளவர்கள் 1,30,000 பேருக்குச் சற்று மேல். மக்கள்தொகையில் 2.5 சதவீதம். 2011-ஐ விட இது கூடுதல்தான். ஆனால் மொழியின் கோட்டை என்று சொல்லப்பட்ட இந்த மேற்குத் தீவுகளிலேயே பேசுகிறவர்கள் பாதிக்கும் கீழே, 45 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். நகரத்தில் மொழி ஏறுகிறது, ஊரில் இறங்குகிறது. கிளாஸ்கோவில் உட்கார்ந்து கேலிக் கற்கலாம், நானே கற்கிறேன். எந்த ஓடைக்கு எந்தப் பெயர் என்பதை மட்டும் அங்கே யாராலும் சொல்லித்தர முடியாது.

சனி, டிம்ஸ்கரி

காலையில் தோழியின் காரில் மேற்கே கிளம்பினோம். கரினஹைன் என்ற இடத்தில் பிரியும் சாலை ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்கியவர் கை தூக்குவார், கடந்தவரும் கை தூக்குவார். இருபுறமும் பழுப்பு நிற மூர். மூர் என்பது ஹெதர் புதரும் கோரைப்புல்லும் மூடிய சதுப்பு மேட்டுநிலம். அடியில் சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே பீட் எனும் மக்கிய கரிமண் இருக்கும். அதற்கும் அடியில் நைஸ் பாறை, முந்நூறு கோடி ஆண்டுப் பழசு. பாறையின் பள்ளங்களில் எல்லாம் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. லூயிஸில் ஏரிகள் ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். கேலிக்கில் ஏரி என்றால் லோக். ‘லோக் து’, அதாவது கருப்பு ஏரி, தீவு முழுக்க எங்கு பார்த்தாலும் இருக்கிறது.

முதல் நாள் வேலை தோழியின் பெரியப்பா வீட்டுச் சமையலறையில். அவர் எழுபதைத் தாண்டியவர். ஆடு வளர்க்கிறார், கொட்டகையில் தறியும் வைத்திருக்கிறார். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியை, வெளி ஹெப்ரிடீஸ் என்றும் சொல்லப்படும் இந்த மேற்குத் தீவுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும் என்று 1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. அதனால் தறி இன்னும் வீட்டோடு இருக்கிறது.

வரைபடத்தை விரிக்கப் போனேன். தோழி கையைப் பிடித்துத் தடுத்தாள். அச்சில் இருக்கும் எழுத்தைப் பார்த்துவிட்டால், சின்ன வயதிலிருந்து அவர் சொன்ன உச்சரிப்பை விட்டுவிட்டு அச்சில் இருப்பதை வாசிக்கத் தொடங்கிவிடுவாராம். இரண்டாவது விதி, ‘இதன் பெயர் என்ன’ என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பரீட்சை மாதிரி ஆகி, ஆள் விறைத்துப்போவார். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

“வடக்குக் காற்று அடிக்கிறப்ப ஆடுங்க எங்க போய் ஒதுங்கும், ஐயா?” என்று நான் தட்டுத் தடுமாறி கேலிக்கில் கேட்டேன்.

அவர் சன்னல் பக்கம் திரும்பி, இல்லாத ஆட்டை விரலால் தொடர ஆரம்பித்தார். முதலில் ஒரு மேட்டுக்குப் பின்னால் நிற்கும், அப்புறம் அந்த ஓடையைத் தாண்டி இறங்கும், பனி விழுந்தால் அந்தப் பாறையடியில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றோ இரண்டோ பெயர்கள். பெரும்பாலானவை எந்த வரைபடத்திலும் இல்லை. நான் தேநீரைத் தொடவே மறந்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவரும் மற்றவர்களும் சொன்ன சின்னச் சின்னப் பெயர்களை இந்தக் குறிப்புகளில் எழுதப் போவதில்லை. பதிவுகள் முதலில் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போகும். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் கேட்டுப் பார்த்துச் சரி சொன்ன பிறகே வெளியே வரும். அது நியாயமான ஏற்பாடு. வரைபடத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய பெயர்களை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிறு

பதிவு இல்லை. இந்தத் தீவில் ஞாயிறு ஓய்வுநாள். துணி கூடக் கொடியில் காயாது. ஸ்டார்னோவேயிலிருந்து ஞாயிறன்று கப்பல் விடத் தொடங்கியதே 2009-ல்தான், அதற்கும் பெரிய எதிர்ப்பு இருந்தது.

தோழியின் குடும்பத்தோடு ஆராதனைக்குப் போனேன். பைபிளின் சங்கீதங்களைக் கேலிக்கில் பாடும் முறையை நேரில் கேட்பது எனக்கு இதுதான் முதல்முறை. இசைக்கருவி எதுவும் கிடையாது. ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, சபை அதைப் பிடித்து இழுத்துப் பாடுகிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னும் பின்னும், அவரவர் சுழிப்போடு பாடுவதால் மொத்தமும் அலை மாதிரி ஏறி இறங்குகிறது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து போனேன்.

திங்கள், மூர்

காற்று குறைவு, வானம் தெளிவு. மைக்குக்கு ரோம உறை போட்டுக்கொண்டு கிளம்பினோம். அது இல்லாவிட்டால் இங்கே காற்று மட்டும்தான் பதிவாகும். தெற்கே மியாலஷ்வல் தெரிந்தது. 574 மீட்டர், லூயிஸின் மிக உயரமான மலை. அதற்கு அப்பால் கிரிமவல், கிழக்கே சுவைனவல். கடைசியில் வரும் அந்த ‘வல்’ வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் மலை. அவர்கள் வந்து குடியேறி, 1266 வரை இந்தத் தீவுகள் நார்வே அரசின் கீழ் இருந்தன. பெரிய மலைகள், விரிகுடாக்கள், பழைய ஊர்கள் பெரும்பாலும் நார்ஸ் பெயரைக் கேலிக் நாக்கில் சுமக்கின்றன. ஆனால் காலடிக்குப் பக்கத்தில் வர வர எல்லாம் கேலிக். கடலில் இருந்து பார்த்தால் தெரிகிறவற்றுக்கு வந்தவர்கள் வைத்த பெயர் நின்றுவிட்டது, நடந்து பிழைத்தால் மட்டுமே தெரிகிறவற்றுக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள் வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

வழியில் ஒரு குடும்பம் பீட் வெட்டிக்கொண்டிருந்தது. மே மாதம்தான் அதற்குக் காலம். நீண்ட பிடியும் பக்கவாட்டுக் கத்தியும் உள்ள ‘தாரஷ்கெர்’ என்ற கருவியால் ஒருவர் வெட்ட, கீழே நிற்பவர் அந்த ஈரக் கட்டியை இரு கையாலும் வாங்கி மேட்டில் வீசுகிறார். ஒவ்வொரு வெட்டுமேடும் ஒரு வீட்டுக்குச் சொந்தம், பெரும்பாலும் அந்த வீட்டு முன்னோரின் பெயரில் வழங்கும். எண்ணெய் அடுப்பு வந்த பிறகு பல மேடுகளில் வெட்டுவதில்லை. வெட்டாத மேட்டின் பெயரைச் சொல்லும் தேவையும் வருவதில்லை.

இரண்டு மணி நேரம் நடந்த பிறகு பெரியப்பா நின்றார். எதிரே பழுப்பு மூரின் நடுவே ஒரு கை அகலத்துக்குப் பளிச்சென்று பச்சை. “ஆரி” என்றார். கோடைக்குடில். மே மாத வாக்கில் பெண்களும் பிள்ளைகளும் பசுக்களை ஓட்டிக்கொண்டு இங்கே வந்து, கோடை முழுக்கத் தங்கி, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்வார்கள். ஊர் வயலில் பயிர் வளர அது வழிவிடும். லூயிஸில் சில இடங்களில் இது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது. பல தலைமுறைப் பசுக்கள் போட்ட சாணத்தின் பலம் அந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பச்சை.

குடிலில் மிச்சம் இருப்பது முழங்கால் உயரச் சுவர். உள்ளே ஏழெட்டு அடி நீளம், குனிந்துதான் இருந்திருக்க வேண்டும். சுவரின் உட்பக்கம் ஓரிடத்தில் கல்லை எடுத்துவிட்டு மாடம் மாதிரி விட்டிருந்தார்கள். உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஈரமும் குளிர்ச்சியும், பின்கல் வழவழப்பு. பால் பாத்திரம் வைக்கும் இடம் என்றார் பெரியப்பா. படுக்கை இருந்த பக்கம் ஒரு வரிசைக் கல் தரையிலிருந்து சற்றே தூக்கித் தெரிந்தது. வாசலுக்கு நேரே பத்தடியில் ஓடை. குறுக்கே தாண்ட மூன்று கற்கள், நடுக்கல் லேசாக ஆடியது.

அவர் வாசல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு, ஆளை நகர்த்தாமல், கையை மட்டும் இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார். குடிலுக்கு ஒரு பெண்ணின் பெயர். அவருடைய பாட்டியின் அத்தை. ஓடைக்குப் பெயர். தாண்டும் கல்லுக்குப் பெயர். கன்றைக் கட்டிய மேட்டுக்குப் பெயர். எதிர்ச் சரிவில், மாலையில் ஊரிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பெண்கள் உட்கார்ந்து பார்த்த பாறைக்குப் பெயர். இருட்டில் போகவே கூடாத சதுப்புக்குப் பெயர். ஒரு வீட்டு முற்றத்தின் அளவே உள்ள இடம் இது. அவர் அம்மா பத்து வயதில் இங்கே தங்கியிருக்கிறார். இவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து இதே இடத்தில் நிறுத்தி, இதே வரிசையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

“வீட்டுல உக்காந்து கேட்டிருந்தா இதுல பாதி வந்திருக்காது. இங்க நின்னாதான் வாய் தானா சொல்லுது” என்றார்.

நேற்றுமுன்தினம் சமையலறையில் அவ்வளவு சொன்னவர், இந்த ஆரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பெயர்ப் பதிவு உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. வயதானவர்களுக்கு மூர் நடக்க முடியாமல் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை. பேசத் தெரிந்தவர் இருந்தும் கால் போய்விட்டால் பாதி பெயர் போய்விடும்.

இந்த மூரை ‘ஒன்றுமில்லாத நிலம்’ என்று சொன்னவர்கள் உண்டு. தீவின் வடபகுதியில் 2004-ல் 234 காற்றாலைகள் வைக்க ஒரு திட்டம் வந்தது, பிறகு 181 ஆகக் குறைத்தார்கள். 2008 ஏப்ரலில் ஸ்காட்லாந்து அரசு அனுமதி மறுத்தது. மறுத்ததற்குச் சட்டக் காரணம் பறவைகளின் பாதுகாப்பு. ஆனால் அந்த வாதங்களின் போது தீவுக்காரர்கள் பலர் மூரின் பெயர்களையும் பாதைகளையும் சொற்களையும் திரட்டத் தொடங்கினார்கள். காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதில் ஊரிலேயே இரு கட்சி இருக்கலாம். இருக்கிறதை இல்லை என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியாது.

செவ்வாய், மழை

காலையிலிருந்து மூடுபனியும் சாரலும். பக்கத்து வீடு தெரியவில்லை. உட்கார்ந்து பழைய ஆவணங்களைப் பார்த்தோம்.

1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் லூயிஸை வரைந்தது. அதற்காக எழுதிய பெயர்ப் புத்தகங்களை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டு, பெயர், அது எழுதப்படும் வேறு விதங்கள், இந்த எழுத்துக்கு யார் சாட்சி, எங்கே இருக்கிறது, என்ன விளக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒழுங்கான வேலை, அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. இந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் பல பெயர்கள் அன்றோடு போயிருக்கும். ஆனால் சாட்சிக் கட்டத்தைக் கவனித்தால் பொதுவாகப் பாதிரியார், ஆசிரியர், எஸ்டேட் அலுவலர் போன்றவர்கள்தான் வருகிறார்கள். கோடை முழுக்க மூரில் பசுவோடு இருந்த பெண்ணிடம் அதிகாரி கேட்டு எழுதியதாகக் காண்பது அபூர்வம்.

அப்போது தீவு முழுவதும் ஒரே ஒருவருக்குச் சொந்தம். ஜேம்ஸ் மாத்சன், 1844-ல் வாங்கினார். பணம் வந்த வழி, ஜார்டின் மாத்சன் கம்பெனி மூலம் சீனாவுக்கு அபின் விற்றது. அந்த அபின் விளைந்தது இந்திய வயல்களில். தீவை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1851 முதல் 1855 வரை, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட லூயிஸ்காரர்கள் கனடாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். ஊயிக்கிலும் பல குடும்பங்கள் கிளம்பின. தெற்கே மெலஸ்டா என்ற ஊர் அதற்கு முன்பே, 1838-ல் காலி செய்யப்பட்டுவிட்டது. வரைபடத்தில் பெயர் ஏறும்போது, அந்தப் பெயரைச் சொன்னவர்களில் பலர் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1872-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதில் கேலிக் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

பெரியப்பாவிடம் அந்தப் பழைய வரைபடத்தின் ஒரு தாளைக் காட்டினோம். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டதால் இனி பயமில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு ஏரிகளின் பெயர்கள் இடம் மாறிக் கிடப்பதாகச் சொன்னார். “மீன் பிடிக்கிற பசங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இதுல மீன் இருக்கு, அதுல இல்ல. வரைஞ்சவரு மீன் பிடிக்கல போல.”

அவர் சொன்னதைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொண்டோம். வரைபடத்தில் உள்ளது ஒன்று, ஊரில் வழங்குவது ஒன்று. இரண்டும் பதிவில் இருக்கும்.

ஊர்ப்பெயர்களின் கதை கொஞ்சம் தேவலை. ஊயிக் மணல்வெளியை ஒட்டிய ஊரை ஆங்கிலத்தில் ஆர்ட்ராயில் என்று எழுதி வந்தார்கள். கேலிக்கில் ‘எதர் கா அயில்’, கடல் வற்றும்போது கடக்கும் இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள இடம். மணலில் நின்று பார்த்தால் அப்படியே இருக்கிறது. 1831-ல், லூயிஸ் சதுரங்கக் காய்கள் என்று புகழ்பெற்ற இடைக்காலக் காய்கள் கிடைத்தது இந்தப் பக்கத்து மணலில்தான். 1975-ல் அமைந்த தீவுகளின் கவுன்சில் பிறகு சாலைப் பலகைகளைக் கேலிக்குக்கு மாற்றியதால் ஊர்களின் பெயர் திரும்பி வந்துவிட்டது. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஆய்ந்து சொல்வதற்கு ஐன்மன் ஆச்சே ந ஹாலப்பா என்ற தேசிய அமைப்பும் இருக்கிறது. ஆடு ஒதுங்கும் பாறைக்குப் பலகை வைக்க யாரும் வரப்போவதில்லை. அதற்கு இந்த மாதிரிப் பதிவு ஒன்றுதான் வழி.

புதன், கடற்கரை

மழை விட்டது. இன்று பேசியவர் எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா. கணவர் மீன்பிடித்தவர், இவர் சிறுமியாக இருந்தபோதே கரைப்பாறைகளில் தூண்டில் போட்டவர். அவரைப் பேச வைக்கத் தந்திரமே தேவைப்படவில்லை.

ஊயிக் கரை நீளத்துக்கும் கடல் பாறையை அறுத்து ஒடுக்கமான சந்துகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. கேலிக்கில் அதற்கு ‘கியோ’ என்று பெயர். ஒவ்வொரு சந்துக்கும் தனிப்பெயர். விழுந்த பசு, உடைந்த படகு, கரை ஒதுங்கிய மரம், அங்கே ஒளிந்திருந்த ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். எல்லாக் காரணமும் உண்மை என்று அவரும் சொல்லவில்லை. “எங்க அப்பா அப்படிச் சொல்லுவார்” என்று ஒவ்வொன்றுக்கும் முடித்தார். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது: யாரிடம் கேட்டது. எனக்குப் பிடித்த கட்டம் அதுதான்.

கைத்தடியை ஊன்றி எங்களுக்கு முன்னால் இறங்கி, தண்ணீர் விளிம்பில் ஒரு தட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனார். அதில் கிண்ணம் போல ஒரு குழி. உள்ளங்கை கொள்ளும் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவு, விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. பாறையில் ஒட்டியிருக்கும் கூம்புச் சிப்பியை உரித்து, இந்தக் குழியில் போட்டுக் கல்லால் இடித்து, கடலில் தெளிப்பார்களாம். வாசனைக்கு மீன் கூடும். பிறகு தூண்டில். இடித்து இடித்தே பாறையில் இந்தக் குழி விழுந்திருக்கிறது. குழி இருக்கும் பாறைக்குப் பெயர் உண்டு, பக்கத்தில் சறுக்கும் பாறைக்குத் தனிப் பெயர். பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சறுக்கும் பாறையின் பெயரைத்தான் என்றார்.

அங்கிருந்தே கடலைக் காட்டி, தண்ணீர் வற்றினால் மட்டும் தலைகாட்டும் பாறைகளைச் சொன்னார். அப்போது கடல் ஏறியிருந்தது, வெறும் தண்ணீர்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றையும் இடம் பார்த்து விரல் நீட்டினார். மாலையில் நீர் இறங்கிய பிறகு வந்து பார்த்தோம். விரல் நீட்டிய இடங்களில் பாறைகள் இருந்தன.

மீன் கிடைக்கும் இடத்தைக் கடலில் குறிக்கும் முறையையும் அவர்தான் விளக்கினார். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்த வேண்டும், உதாரணமாக ஒரு மலையின் தோள் ஒரு குன்றின் மேல் உட்காரும்படி. வேறு திசையில் இன்னொரு இரட்டை அடையாளமும் அதே சமயம் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் மீன் இடம். கரையில் உள்ள அத்தனைக்கும் பெயர் தெரிந்தால்தான் இதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல முடியும். கணவர் பயன்படுத்திய ஓர் அடையாளம் ஒரு வீட்டின் சுவர். வீடு இடிந்துவிட்டது. “அந்த இடத்தை இப்ப யாராலயும் கண்டுபிடிக்க முடியாது” என்றார். செயற்கைக்கோள் கருவி வைத்திருக்கும் படகுக்காரருக்கு அது தேவையில்லை என்று தெரிந்தேதான் சொன்னார்.

வியாழன்

இன்று ஒரு சின்ன தகராறு. பெரியப்பாவும் அவருடைய பக்கத்து நிலக்காரரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு இடத்துக்கு. பெரியப்பாவுக்கு அது சரிவில் நிற்கும் ஒற்றைப் பாறை. மற்றவருக்கு அந்தச் சரிவு முழுவதும், கீழே ஓடை வரை. இருவரும் அறுபது ஆண்டாக ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஆடு விரட்டியவர்கள். இதுவரை இது பற்றிப் பேச்சு வந்ததே இல்லையாம்.

கொஞ்ச நேரம் குரல் உயர்ந்தது. தோழி இருவரையும் ஆடு திரட்டும் நாளில் யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்டாள். பெரியப்பா மேலே நிற்பவர், பாறை அவருக்கு எல்லைக்குறி. மற்றவர் கீழிருந்து நாயை அனுப்புபவர், அவருக்குச் சரிவு மொத்தமும் ஒரே பரப்பு. ‘அங்கே ரெண்டு ஆடு நிக்குது’ என்று கத்தினால் இருவருக்கும் வேலை நடந்துவிடும். அவரவர் நின்ற இடத்திலிருந்து இருவர் சொன்னதும் சரி.

கணினி வரைபடத்தில் இதை ஏற்றுவதுதான் கஷ்டம். மென்பொருள் ஒரு புள்ளியைக் குத்தச் சொல்கிறது. ஒரு பெயருக்கு ஒரு புள்ளி. நிலத்தில் பெயர் அப்படி உட்காருவதில்லை. சில பெயர்கள் சிறு கல், சில அரை மைல் சரிவு, சிலவற்றுக்கு விளிம்பே தெளிவில்லை. புள்ளி போட்டு அனுப்பினால் பத்து வருடத்தில் அந்தப் புள்ளிதான் உண்மை என்று ஆகிவிடும். மதியம் முழுக்க உட்கார்ந்து, புள்ளிகளை அழித்துவிட்டு, ஒவ்வொருவர் சொன்ன பரப்பையும் தனித்தனிக் கோட்டால் வரைந்தோம். சொன்னவர் நின்ற இடத்தையும் குறித்தோம். நேரம் பிடிக்கிற வேலைதான். இப்படித்தான் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எழுத்துக்கூட்டல் பற்றியும் பேசினோம். ஊயிக் உச்சரிப்புக்கும் அகராதி எழுத்துக்கும் இடைவெளி இருக்கிறது. தோழியின் முடிவு, குரல்தான் மூலப்பதிவு, எழுத்து அதற்குத் துணை. எடின்பரோவில் 1951-ல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி அந்தக் காலத்தில் ஒலிநாடாவோடு ஊர் ஊராகப் போனதால்தான், இன்று இணையத்தில் டோபர் அன் டுவல்ஹைஷ் தொகுப்பில் மறைந்தவர்களின் குரலைக் கேட்க முடிகிறது. எழுத்தை நாளை திருத்திக்கொள்ளலாம், குரலை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது என்றாள்.

வெள்ளி, திரும்பும் நாள்

காலையில் வரலாற்றுச் சங்கத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். இந்தத் தீவுகளில் ஊர் தோறும் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது. வடக்கே நெஸ் பகுதியில் 1977-ல் தொடங்கிய சங்கத்தைப் பார்த்து மற்ற ஊர்களும் ஆரம்பித்தன. சம்பளக்காரர்கள் பெரும்பாலும் கிடையாது. ஆடு மேய்ப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தபால் கொண்டுவருபவர் என்று அவரவர் நேரத்தில் செய்கிறார்கள். ஒலிக்கோப்புகளின் ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒரு பிரதி பேசியவரின் குடும்பத்துக்கு. ஒப்புதல் கையெழுத்து வாங்கிய தாள்களைத் தனிக் கோப்பில் வைத்தோம்.

கரை அம்மா இரவே தொலைபேசியில் கூப்பிட்டு, சொல்ல விட்டுப்போன இரண்டு பாறைகளைச் சொல்லியிருந்தார். அவற்றையும் சேர்த்தாயிற்று. இன்னும் கிழக்குப் பக்கம், சுவைனவல் ஏரியைச் சுற்றிய நிலம் முழுக்க பாக்கி. அங்கே மேய்ச்சல் நடத்தும் குடும்பங்கள் குறைவு, பேசக்கூடியவர்கள் அதைவிடக் குறைவு.

பெரியப்பா தன் தம்பி மகன்களைப் பற்றிச் சொன்னார். ஒருவன் ஸ்டார்னோவேயில் மின்வேலை, ஒருவன் மீன்பண்ணையில். இருவருக்கும் கேலிக் நன்றாகவே வரும், ஆனால் மூரில் பாதி இடத்துக்குப் பெயர் தெரியாது. ரோமம் கத்தரிக்க ஆடு திரட்டும் நாளில் மட்டும் இருவரும் தவறாமல் வருவார்கள். அன்றைக்கு மேலே நிற்பவரும் கீழே நாயோடு போகிறவரும் நாள் முழுக்கக் கத்திப் பேசிக்கொள்வார்கள், எல்லாம் பெயர் சொல்லித்தான். தோழி அந்த நாளில் இரண்டு பையன்களின் சட்டையிலும் மைக் மாட்டப் போகிறாள். ரோம உறை போட்ட கருவியை அவளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கூடுதல் பேட்டரி மட்டும் கிளாஸ்கோவிலிருந்து வாங்கி அனுப்ப வேண்டும்.